எழுபது மில்லிமீட்டர் போதும்

வானத்தில் அதிகம் படம் எடுக்கப்பட்டவற்றை வரிசைப்படுத்தினால் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் முதல் சில இடங்களுக்குள் வந்துவிடும். 1888 டிசம்பரில் பிரிட்டனைச் சேர்ந்த ஐசக் ராபர்ட்ஸ் 20 அங்குல ஆடித் தொலைநோக்கியால் அதைக் கண்ணாடித் தட்டில் பதித்தார். அதற்குப் பிறகு மலையுச்சி ஆய்வகங்கள், விண்வெளியில் சுற்றும் ஹபிள், மொட்டைமாடி ஆர்வலர்கள் என்று அதன் பக்கம் கேமராவைத் திருப்பாதவர்கள் குறைவு. அப்படியிருந்தும் 2022இல் யான் சேன்டி, மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர் என்ற மூன்று அமெச்சூர்கள், அந்தத் திரளுக்குப் பக்கத்திலேயே அதுவரை யார் கண்ணிலும் படாத மங்கிய வாயுப் படலம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வில்லாக வளைந்த அந்தப் படலத்தின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை பாகை. அதாவது மூன்று முழுநிலவுகளை ஒட்டி ஒட்டி வைத்தால் வரும் நீளம். தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து 2023 தொடக்கத்தில் அதை ஆய்விதழிலும் வெளியிட்டார்கள். அந்த வில் ஆண்ட்ரோமெடாவுக்கு அருகே இருக்கிறதா, நம் பால்வீதிக்குள்ளேயே இருந்து பின்னணியோடு சேர்ந்து தெரிகிறதா என்று ஆய்வாளர்கள் பிறகு வாதித்தார்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். படம் எடுத்த கருவிதான் நமக்கு வேண்டியது. அது 106 மி.மீ. விட்டமும் 530 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட ஒரு லென்ஸ் தொலைநோக்கி. கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிடலாம்.

பெரிய தொலைநோக்கிகளிடம் இது எப்படித் தப்பியது? ஒன்றரை பாகை நீளமுள்ள ஒன்று அவற்றின் பார்வைக்குள் முழுதாக விழுவதே இல்லை. பல மீட்டர் குவியத்தூரம் உள்ள கருவி, வானத்தில் ஒரு பொட்டு அளவு இடத்தை மட்டும் எடுத்து மிக நுணுக்கமாகக் காட்டும். அந்தப் பொட்டு முழுவதும் மெல்லிய ஒளி சமமாகப் பரவியிருந்தால், அதைப் பின்னணி வெளிச்சம் என்றே எண்ணிக் கழித்துவிடுவோம். இந்த மூவரும் அகன்ற பரப்பைப் பார்த்தார்கள். ஆக்சிஜன் வாயு வெளியிடும் 500.7 நானோமீட்டர் ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியைப் பொருத்தினார்கள். அதே இடத்தை இரவு இரவாக நூறு மணி நேரத்துக்கும் மேலாகப் படம் எடுத்தார்கள். அகலம், வடிகட்டி, மணி நேரம் என்ற இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பெரிய விட்டம் தேவைப்படவில்லை. வான்படம் எடுக்க ஆசைப்பட்டு முதல் தொலைநோக்கி வாங்கப் போகிறவருக்கு இந்தக் கட்டுரை சொல்வதும் இதுதான்: 60 முதல் 80 மி.மீ. வரை விட்டமுள்ள சிறிய லென்ஸ் தொலைநோக்கியே இந்த வேலைக்கு ஏற்றது. காசில்லாதவர் செய்துகொள்ளும் சமரசம் என்று அதை நினைக்க வேண்டியதில்லை. குழாயில் மிச்சமாகும் பணமும் சிரமமும், அதைத் தாங்கித் திருப்பும் மவுண்டுக்கும் இரவு நேரத்துக்கும் போகட்டும்.

கணக்கு எளிது. சென்சாரின் ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு இடத்தைப் பார்க்கிறது என்பதை 'விகலை'யில் அளப்பார்கள். ஒரு பாகையை 3,600 பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு விகலை. பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து 206ஆல் பெருக்கி, தொலைநோக்கியின் குவியத்தூரத்தால் மி.மீ. கணக்கில் வகுத்தால் விடை வந்துவிடும். இன்றைய வானியல் கேமராக்களில் பரவலாக உள்ள 3.76 மைக்ரான் பிக்சலை 360 மி.மீ. குவியத்தூரத்தோடு சேர்த்தால் பிக்சலுக்கு 2.15 விகலை. அதே கேமராவை 2,000 மி.மீ. குவியத்தூரமுள்ள எட்டங்குலத் தொலைநோக்கியில் மாட்டினால் 0.39 விகலை. இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் ஐந்து மடங்குக்கு மேல் நுணுக்கம் கிடைப்பதாகத் தோன்றும். ஆனால் நம் தலைக்கு மேலே உள்ள காற்று சும்மா இருப்பதில்லை. சாதாரண இரவில், சாதாரண ஊரில், அதன் அலைவு ஒவ்வொரு விண்மீனையும் இரண்டு முதல் நான்கு விகலை அகலமுள்ள பொட்டாகக் கலைத்துவிடுகிறது. நீண்ட எக்ஸ்போஷரில் அந்தக் கலைசலைத் தாண்டிய நுணுக்கம் எந்தக் கருவிக்கும் கிடைக்காது. பெரிய குழாய் அதே கலைந்த பொட்டைப் பத்துப் பிக்சல் அகலத்துக்கு விரித்துக் காட்டும், அவ்வளவுதான். சிறிய குழாய் காற்று தரும் நுணுக்கத்தைக் கிட்டத்தட்ட முழுதாக வாங்கிக்கொண்டு, கூடவே அகலத்தையும் தருகிறது. டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் வழக்கமான ஏ.பி.எஸ்.-சி அளவு சென்சாரில் 360 மி.மீ. குவியத்தூரம் ஏறத்தாழ 3.7 பாகைக்கு 2.5 பாகை பரப்பை அடக்கும். ஆண்ட்ரோமெடாவின் மூன்று பாகை நீளம் ஒரே சட்டத்துக்குள் வசதியாக அமரும். 2,000 மி.மீ. கருவியில் அதே பரப்பை நிரப்ப முப்பது படங்களை ஒட்டுப்போட வேண்டும்.

முதல் ஆட்சேபம் எப்போதும் ஒளியைப் பற்றியது. வாய் அகலமாக இருந்தால்தானே அதிக ஒளி உள்ளே போகும், 200 மி.மீ. கருவி 72 மி.மீ. கருவியைவிட ஏழெட்டு மடங்கு ஒளி சேர்க்குமே என்பார்கள். உண்மைதான். கண்ணால் பார்ப்பவருக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தும். கேமராவுக்கு ஒரு படி கூடுதலாக யோசிக்க வேண்டும். நெபுலாவைப் போலப் பரந்து கிடக்கும் பொருளின் ஒளி சென்சாரில் எவ்வளவு அடர்த்தியாக விழும் என்பதைக் குவியத்தூரத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. கேமரா லென்ஸில் 'எஃப்' எண் என்று எழுதியிருப்பது இந்த விகிதத்தைத்தான். 72 மி.மீ. விட்டமும் 420 மி.மீ. குவியத்தூரமும் என்றால் எஃப் 5.8. அந்த எட்டங்குலக் கருவி எஃப் 10. ஒரே கேமராவில் முன்னது ஒவ்வொரு பிக்சலுக்கும் ஏறக்குறைய மூன்று மடங்கு ஒளியை இறக்குகிறது. பெரியது அதிக ஒளியைச் சேர்த்தாலும் அதைவிட அதிகமான பரப்பில் விரித்துவிடுகிறது. இதை வைத்துக்கொண்டு விட்டத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்வோரும் இருக்கிறார்கள். அது தவறு. எஃப் எண் சமமாக இருந்தால் பெரிய விட்டம் கூடுதல் நுணுக்கத்தைக் கட்டாயம் தரும். தொலைதூரத்துச் சின்னஞ்சிறு விண்மீன் திரள்களையும், கையகல வளைய நெபுலாக்களையும் தேடிப் போகிறவர் ஒருநாள் பெரிய கருவிக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் கருவி கேட்கும் மவுண்டின் விலையைச் சேர்த்துப் பார்த்த பிறகே வர வேண்டும்.

மவுண்ட் என்ற இந்த இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பூமி சுழல்வதால் வானம் விநாடிக்கு 15 விகலை நகர்கிறது. கருவியை அதே வேகத்தில், வானம் நகரும் திசையிலேயே திருப்பிக்கொண்டே இருப்பது மவுண்டின் வேலை. எந்தப் பல்சக்கரமும் பிசகில்லாமல் கடைந்தெடுக்கப்படுவதில்லை. விலை குறைந்த மவுண்டுகளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இருபது முப்பது விகலை முன்னும் பின்னும் போய்வரும் ஆட்டம் சகஜம். எட்டு நிமிடச் சுற்றில் இருபது விகலை ஆட்டம் என்று வைத்துக்கொண்டால், மோசமான தருணத்தில் முப்பது விநாடிக்குள் நான்கு விகலை பிசகும். 360 மி.மீ. குவியத்தூரத்தில் அது இரண்டு பிக்சல்கூட இல்லை. விண்மீன் லேசாக முட்டை வடிவம் எடுக்கும், பல படங்களைச் சேர்க்கும்போது அதுவும் மறைந்துவிடும். 2,000 மி.மீ.யில் அதே பிசகு பத்துப் பிக்சல் கோடாக இழுத்துவிடும், படம் குப்பைக்குத்தான் போகும். எடையும் இதே கதைதான். 72 மி.மீ. குழாய், கேமரா, மவுண்டின் பிசகைக் கண்காணிக்கும் வழிகாட்டித் தொலைநோக்கி எல்லாம் சேர்ந்து நான்கு கிலோவுக்குள் அடங்கும். மவுண்ட் தயாரிப்பாளர் 'இவ்வளவு கிலோ தாங்கும்' என்று எழுதும் எடையில் பாதியோடு நின்றுகொள்வதே படம் எடுப்பவர்களின் வழக்கம். எனவே பத்துக் கிலோ தாங்கும் நடுத்தர மவுண்டே சிறிய குழாய்க்குத் தாராளம். பெரிய குழாய்க்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலையுள்ளது வேண்டும். கையில் உள்ள தொகையில் பாதியை மவுண்டுக்கு ஒதுக்கச் சொன்னால் பலரும் முகம் சுளிப்பார்கள். குழாயை மாற்றிக்கொண்டே போகலாம், நல்ல மவுண்ட் பத்து வருடம் கூட வரும் என்று சொன்னாலும் நம்புவதில்லை. கடையில் பளபளப்பது குழாய்தானே.

சிறிய லென்ஸ் இந்த வேலையைச் செய்வது இன்று நேற்று தொடங்கியதல்ல. 1888இல் கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் உலகின் மிகப் பெரிய லென்ஸ் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அதன் லென்ஸ் 36 அங்குல விட்டம். அங்கே பணியாற்றிய எட்வர்ட் எமர்சன் பார்னார்ட் அடுத்த ஆண்டு பால்வீதியைப் படம் எடுக்கத் துணிந்தபோது கையில் எடுத்தது, ஒளிப்பட நிலையத்தில் ஆள்படம் எடுக்கப் பயன்பட்ட பழைய 6 அங்குல வில்லார்ட் லென்ஸை. தானியங்கி வழிகாட்டி எதுவும் இல்லாத காலம். மணிக்கணக்கில் கண்ணை எடுக்காமல், வழிகாட்டி விண்மீன் குறுக்குக் கம்பியை விட்டு விலகாமல் கையால் திருத்திக்கொண்டே அவர் எடுத்த படங்களில்தான் பால்வீதியின் மேகத் திரள்களும் கரிய இடைவெளிகளும் முதன்முதலாக அவற்றின் முழு வடிவில் தெரிந்தன. அந்தக் கரிய இடங்கள் விண்மீன்களே இல்லாத ஓட்டைகள் அல்ல, பின்னால் உள்ள ஒளியை மறைக்கும் தூசு மேகங்கள் என்ற புரிதலுக்கு அவருடைய படங்கள் வழி திறந்தன. 1919இல் அவர் வெளியிட்ட பட்டியலில் அப்படி 182 கரும்பகுதிகள் இருந்தன. இதே பார்னார்ட்தான் 1892இல் அந்த 36 அங்குலக் கருவியில் கண் வைத்து வியாழனின் ஐந்தாவது நிலவைக் கண்டுபிடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த வேலைக்கு எந்தக் கருவி என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனின் முழு வட்டத்தை நாள்தோறும் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருப்பதும் ஒரு சாண் அகலம்கூட இல்லாத லென்ஸைக் கொண்டுதான். நூறாண்டுக் காலச் சூரியப் புள்ளிகளின் வரலாறு அந்தச் சேமிப்பில் இருக்கிறது. (அதைப் பார்த்து ஆசைப்பட்டுச் சூரியன் பக்கம் குழாயைத் திருப்புகிறவர், லென்ஸின் முன்புறத்தை முழுதாக மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் திருப்பவே கூடாது. கேமரா கருகும், கண் போய்விடும்.)

நவீன சான்று இன்னும் வலுவானது. பீட்டர் வான் டொக்கம், ராபர்ட்டோ ஏப்ரஹாம் என்ற இரு பேராசிரியர்கள் கடையில் கிடைக்கும் கேனான் 400 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ்களை வாங்கி, எட்டைச் சேர்த்துக் கட்டி, 'டிராகன்ஃபிளை' என்று பெயர் வைத்து, 2013இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நிறுத்தினார்கள். 2015இல் கோமா விண்மீன் திரள் கொத்தில் மிக மங்கிய, பரந்து விரிந்த புது வகைத் திரள்கள் 47ஐ அவர்கள் அறிவித்தார்கள். ஆடிக்குப் பதிலாக லென்ஸை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பெரும்பாலான ஆடித் தொலைநோக்கிகளில் ஒளிப்பாதையின் நடுவே இன்னோர் ஆடியும் அதைத் தாங்கும் கம்பிகளும் நிற்கும். ஒளி அவற்றின் மீதும் முதன்மை ஆடியின் பரப்பிலும் பட்டுச் சிதறி, பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி மெல்லிய படலத்தைப் பூசிவிடும். அந்தப் பூச்சுக்கு அடியில் மங்கிய பொருள்கள் காணாமல் போகும். நல்ல பூச்சுள்ள லென்ஸின் பாதையில் குறுக்கே எதுவும் இல்லாததால் சிதறல் வெகுவாகக் குறைகிறது.

லென்ஸ் என்றால் எந்த லென்ஸும் ஆகிவிடாது. பண்டிகைக் காலத் தள்ளுபடியில் '525 மடங்கு பெரிதாக்கும்' என்ற பெட்டி வாசகத்தோடும் ஆடுகிற முக்காலியோடும் வரும் 70 மி.மீ. தொலைநோக்கியும் லென்ஸ் தொலைநோக்கிதான். நிலவைக் கண்ணால் பார்க்க அது போதும். படத்துக்கு ஆகாது. கண்ணாடி நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாக வளைப்பதால் எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவிவதில்லை. அடர்த்தி வேறுபட்ட இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து இரண்டு நிறங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் முறைக்கு 1758இல் லண்டனில் ஜான் டாலண்ட் காப்புரிமை பெற்றார். அந்த 'அக்ரோமேட்' அமைப்பே இன்றும் மலிவுக் கருவிகளில் இருக்கிறது. ஊதா நிறத்தில் நம் கண் மந்தம் என்பதால் அதன் குறை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கேமரா சென்சார் மந்தம் இல்லை. ஒவ்வொரு பிரகாசமான விண்மீனைச் சுற்றியும் ஊதா நிறப் பந்து ஒன்றைப் பதித்துத் தந்துவிடும். மூன்று நிறங்களை ஒன்றாகக் குவிப்பது 'அபோக்ரோமேட்'. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுண்ணோக்கிகளுக்காக ஃபுளோரைட் படிகத்தைக் கொண்டு அதைச் சாதித்தார். இன்று ஃபுளோரைட்டுக்கு நெருக்கமான குணமுள்ள 'ஈ.டி.' கண்ணாடிகள் தொழிற்சாலையில் உருகி வருகின்றன. ஜப்பானின் ஓஹாரா நிறுவனத்தின் எஃப்.பி.எல். 53, ஹோயாவின் எஃப்.சி.டி. 100 ஆகிய பெயர்கள் விவரக் குறிப்பில் இருந்தால் நல்ல அறிகுறி. எஃப்.பி.எல். 51 அதற்கு ஒரு படி கீழே. பெயர் மட்டும் போதாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கண்ணாடி நன்றாக இருந்தும் மெருகேற்றலும் கோர்ப்பும் சரியில்லாத கருவிகள் உண்டு. ஆகவே விளம்பர வாசகத்தைவிட, அதே மாடலில் மற்றவர்கள் எடுத்த வெட்டாத முழுப் படங்களின் நான்கு மூலைகளைப் பார்ப்பது மேல்.

மூலைகளைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லென்ஸ் தொலைநோக்கி பிம்பத்தைத் தட்டையான தளத்தில் உருவாக்குவதில்லை, கிண்ணம்போல வளைந்த தளத்தில் உருவாக்குகிறது. சென்சாரோ தட்டை. நடுவில் ஃபோகஸ் செய்தால் ஓரத்து விண்மீன்கள் நீண்டு போகும். இதைச் சமன்செய்ய 'ஃபீல்ட் ஃபிளாட்னர்' என்ற கூடுதல் லென்ஸ் வேண்டும். குவியத்தூரத்தையும் சேர்த்துக் குறைக்கும் வகை 'ரெட்யூசர்'. 0.85 ரெட்யூசர் 420 மி.மீ.யை 357 ஆக்கிவிடும். இதைத் தனியாக வாங்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மறப்பார், விலையில் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஃபிளாட்னரிலிருந்து சென்சார் வரை உள்ள இடைவெளி பெரும்பாலானவற்றில் 55 மி.மீ. ஓரிரு மி.மீ. பிசகினாலே மூலைகள் கெடும். இந்தத் தலைவலி வேண்டாம் என்பவருக்கு, தட்டையாக்கும் லென்ஸ்களும் குழாய்க்குள்ளேயே பொருத்தப்பட்ட 'பெட்ஸ்வால்' வகை இருக்கிறது. 51 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. குவியத்தூரமும் உள்ள ரெட்கேட் 51 இந்த வகையில் பெயர் வாங்கியது. ஃபோகஸ் திருகையும் சோதிக்க வேண்டும். எஃப் 5இல் ஃபோகஸ் சரியாக இருக்கும் எல்லை ஒரு மி.மீ.யில் பதினைந்தில் ஒரு பங்கு. பத்துக்கு ஒன்றாக வேகம் குறைக்கும் இரட்டைத் திருகு இல்லாமல் அந்த எல்லைக்குள் கையால் நிறுத்துவது கடினம். கேமராவின் எடையில் நழுவாத பற்சக்கர வகை நல்லது.

அதே பணத்துக்கு இரண்டு மடங்கு விட்டமுள்ள நியூட்டன் வகை ஆடித் தொலைநோக்கி கிடைக்குமே என்பது அடுத்த ஆட்சேபம். மறுக்க முடியாது. ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு எவ்வளவு செலவு என்று பார்த்தால் ஆடியை எதுவும் வெல்லாது. ஆனால் அதன் இரண்டு ஆடிகளையும் நேர்க்கோட்டில் வைக்கும் 'காலிமேஷன்' வேலை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் காத்திருக்கும். ஓரத்து விண்மீன்களை வால் முளைக்க வைக்கும் குறையைத் திருத்தத் தனி லென்ஸ் வேண்டும். அகன்ற குழாய் காற்றில் பாய்மரமாக மாறி மவுண்டை அசைக்கும். கருவியோடு மல்லாடுவதே பிடிக்கும் என்பவருக்கு அது அருமையான பள்ளிக்கூடம். மாதத்தில் கிடைக்கிற இரண்டு மூன்று தெளிந்த இரவுகளில் படம் வேண்டும் என்பவருக்கு, பெட்டியைத் திறந்ததும் வேலை செய்யும் லென்ஸ் மேல். கையில் ஏற்கெனவே கேமராவும் டெலி லென்ஸும் இருந்தால் தொலைநோக்கி எதற்கு என்று கேட்பவர்களிடம் எனக்கு வாதமே இல்லை. முதல் ஆண்டை 135 அல்லது 200 மி.மீ. லென்ஸோடு கழிக்கலாம், மவுண்டை மட்டும் வாங்கினால் போதும். பல கண்ணாடிகளை நகர்த்தி ஃபோகஸ் செய்யும் கேமரா லென்ஸ் இரவு முழுவதும் ஒரே இடத்தில் நிற்காது, விண்மீன்களின் ஓரம் அவ்வளவு சுத்தமாக வராது என்ற அலுப்பு வரும்போது தொலைநோக்கியைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம்.

கைப்பேசியில் தட்டினால் தானே தேடி, தானே தொடர்ந்து, தானே படங்களைச் சேர்த்துத் தரும் 'ஸ்மார்ட்' தொலைநோக்கிகள் வந்துவிட்ட பிறகு இத்தனை பாடும் எதற்கு என்பது புதிய ஆட்சேபம். 2023இல் வந்து பரவலான சீஸ்டார் எஸ் 50ஐத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது 50 மி.மீ. விட்டம், 250 மி.மீ. குவியத்தூரம் கொண்ட மூன்று கண்ணாடி அபோக்ரோமேட்! இந்தக் கட்டுரை சொல்லும் வாதத்தையே பொறியாளர்கள் ஒரு பெட்டிக்குள் அடைத்திருக்கிறார்கள். படம் மட்டும் வேண்டும் என்றால் அதை வாங்குவதே புத்திசாலித்தனம். ஆனால் அதன் சென்சாரை மாற்ற முடியாது, பார்வைப் பரப்பு சிறியது. பகுதி பகுதியாக மேம்படுத்திக்கொண்டே போக விரும்புகிறவருக்குத் தனித்தனிக் கருவிகளே சரி. கோள்கள் விஷயத்தில் நான் முழுமையாகவே பின்வாங்குகிறேன். வியாழனின் வட்டம் சுமார் 45 விகலை. மேலே சொன்ன 360 மி.மீ. அமைப்பில் அது இருபத்தொரு பிக்சல் பொட்டாக வரும். வியாழனின் பட்டைகளும் சனியின் வளைய இடைவெளியும்தான் ஆசை என்றால், நீண்ட குவியத்தூரமுள்ள எட்டங்குலக் கருவியில் விநாடிக்குப் பல பத்துச் சட்டங்கள் வீடியோ எடுத்து, காற்று அசையாமல் நின்ற கணங்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். அது வேறு கலை.

இனிப் பயன்பாடு. மேற்கத்திய வழிகாட்டி நூல்கள் எல்லாம் மவுண்டின் அச்சைத் துருவ விண்மீனை நோக்கி வைக்கச் சொல்லித் தொடங்கும். அங்கே அது நடுவானத்தில் நிற்கிறது. நம் ஊரில் அதன் உயரம் ஊரின் அட்சரேகை அளவுதான். சென்னையில் 13 பாகை, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய 10, கன்னியாகுமரியில் 8. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அடிவானப் புழுதியும் அதை மறைத்துவிடும். ஆகவே வாங்கும் மவுண்ட் பத்துப் பாகைக்குக் கீழே சாய்கிறதா, அப்படிச் சாயும்போது எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். துருவ விண்மீன் தெரியாவிட்டாலும் வழி உண்டு. மென்பொருள் வானத்தின் மூன்று இடங்களைப் படம் எடுத்து, விண்மீன்களின் அமைப்பை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு பிசகியிருக்கிறது என்று சொல்லிவிடும். இலவசமாகக் கிடைக்கும் நினா அதைச் செய்கிறது. ஃபோகஸுக்கு, ரஷ்யாவைச் சேர்ந்த அமெச்சூர் பாவெல் பாக்தினோவ் 2005இல் உருவாக்கிய வரிப்பள்ள முகமூடியை லென்ஸின் முன் வைத்தால் பிரகாசமான விண்மீனில் மூன்று கோடுகள் தோன்றும். நடுக்கோடு மற்ற இரண்டின் நடுவே வந்ததும் நிறுத்தலாம். இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்கும், எனவே ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் நள்ளிரவுக்குப் பிறகு லென்ஸ் வியர்க்கும். யு.எஸ்.பி. பேட்டரியில் ஓடும் சூட்டுப் பட்டையை முன்புறம் சுற்றினால் பனி படியாது. வீட்டில் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத பெட்டியில் வைக்காவிட்டால் நம் ஈரப்பதத்தில் இரண்டு மழைக்காலத்துக்குள் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

எக்ஸ்போஷரை நீட்டுவதைவிட எண்ணிக்கையைக் கூட்டுவதே நல்லது. ஒன்றிரண்டு நிமிடப் படங்கள் நூறு எடுத்து, டீப்ஸ்கை ஸ்டாக்கர், சிரில் போன்ற இலவச மென்பொருள்களில் அடுக்கினால் இரைச்சல் அடங்கி மங்கிய பகுதிகள் எழும். இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலப்படியே குறையும் என்பதால் படம் இரண்டு மடங்கு சுத்தமாக நான்கு மடங்கு நேரம் வேண்டும். சேன்டி குழு நூறு மணி நேரம் செலவழித்ததன் கணக்கு இதுதான். லென்ஸை மூடி எடுக்கும் 'டார்க்' படங்களும், சீரான வெளிச்சத்தில் எடுக்கும் 'ஃபிளாட்' படங்களும் சலிப்பூட்டுபவை, ஆனால் சென்சார் தூசியும் ஓர இருட்டும் அவை இல்லாமல் போகாது.

நகரத்து வெளிச்சத்தில் இதெல்லாம் வீண் என்பார் ஒருவர். பாதி சரி. விண்மீன் திரள்களின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால் தெருவிளக்கிலிருந்து அதைப் பிரிக்க வழியில்லை. அதற்கு ஊரை விட்டுத்தான் போக வேண்டும், அப்போதும் கையில் தூக்கிப் போகக்கூடிய கருவிக்கே மதிப்பு. வாயு நெபுலாக்கள் வேறு. அவற்றின் ஒளி 656.3 நானோமீட்டரில் ஹைட்ரஜன், 500.7இல் ஆக்சிஜன் என்று குறுகிய கோடுகளில் வருவதால், அவ்விரண்டை மட்டும் விடும் இரட்டைப் பட்டை வடிகட்டி சென்னை மொட்டைமாடியிலிருந்தே படம் தரும். சாதாரண டி.எஸ்.எல்.ஆர். அந்தச் சிவப்பு ஹைட்ரஜன் ஒளியில் பெரும்பகுதியைத் தன் உள் வடிகட்டியால் தடுத்துவிடும். அந்த வடிகட்டியை நீக்கிய பழைய கேமராவோ, வண்ண வானியல் கேமராவோ வேண்டும். ஆண்ட்ரோமெடா நமக்கு நன்றாக ஏறி நிற்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையின் நட்ட நடுவில். அதற்காக வருந்த வேண்டாம். மழை ஓய்ந்த பிறகு ஜனவரி முதல் ஓரியன் நெபுலா, பிப்ரவரியில் கிட்டத்தட்ட உச்சிக்கே வரும் ரோசெட் நெபுலா, இரண்டும் சிறு குழாய்க்கென்றே அளவெடுத்தவை போலச் சட்டத்தில் பொருந்தும். மார்ச், ஏப்ரலில் தெற்கே திறந்த அடிவானம் உள்ள இடம் கிடைத்தால் கரீனா நெபுலாவைத் தேடலாம். பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் அது எழுவதே இல்லை. சென்னையில் 17 பாகை, யாழ்ப்பாணத்தில் 20 பாகைக்குச் சற்று மேல், கன்னியாகுமரியில் 22 பாகை உயரத்துக்கு வரும். அந்த உயரத்தில் காற்றின் தடிப்பு அதிகம் என்பதால், அது நேர் தெற்கைக் கடக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த இரவுக்கு விட்டுவைப்பது நல்லது.